காயத்துக்கு ஆகாத மீன்

கல்முனைக்குடியில் மசூரிடம் மீன் வாங்காத வீடுகள் இருந்தன. மசூரின் வாய்க்கு அகப்படாத வீடு ஒன்றுகூட இருக்கவில்லை.

விடிந்ததும் கடற்கரைக்குப் போவான். தோணிகள் கரை தொட்டதும் ஏலத்தில் மீன் எடுத்து, றெஜிபோம் பெட்டிக்குள் ஐஸ் போட்டு அடுக்கி, மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாக வருவான். முதல் சந்தியில் ஒரு ஹோர்ன். அதோடு சரி. மிச்சத்தை வாய் பார்த்துக்கொள்ளும். மற்றவர்கள் மீன் மட்டும் விற்றார்கள். இவன் வைத்தியத்தையும் சேர்த்து விற்றான்.

"புள்ள பெத்தவக்கா ராத்தா? பால்சுறா இரிக்கி, வேற ஒண்டையும் பாக்காதீங்க. மாமாக்கு மூட்டு வருத்தமா? அப்ப இந்தப் பாரைய அவர்ட கண்ணிலயும் காட்டிப்போடாதீங்க. விளைமீன் கொண்டு போங்க, வயித்துக்கு மெத்தப் பதம்."

மீன் வைத்தியன் என்ற அர்த்தத்தில் 'மீன்பரியாரி' என்று பெயர் வைத்தார்கள். சும்மா கேலிக்கு வைத்ததுதான். போகப் போகக் கேலி கழன்று பரியாரி மட்டும் நின்றுவிட்டது. பெண்கள் சட்டியை ஏந்திக்கொண்டு அவனிடம் நோய் வருத்தம் சொல்லி, மீன் கேட்கத் தொடங்கினார்கள். அவனும் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, பெட்டிக்குள் எது விற்காமல் கிடக்கிறதோ அதை எடுத்து மருந்தாகக் கொடுத்தான். அடேயப்பா, என்ன கைராசி! எல்லோருக்கும் சுகமானது. பெரும்பாலான வருத்தங்கள் தானாகவே சுகமாகிவிடும் என்பது ஊருக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது.

அவன் சொன்ன பொய்களுக்குள் ஒன்று மட்டும் வேர்விட்டு நின்றது. அதன் கதைதான் இது.

முபாறக் என்று இன்னொரு மீன்காரன் அதே ஒழுங்கைகளுக்கு வருவான். அவனுடைய பெட்டியில் எப்போதும் கீரியும் சூடையும்தான், பொடிமீன்கள். சனங்கள் அதற்குத்தான் காத்திருந்தார்கள். மசூரின் பாரையும் விளைமீனும் ஐஸில் விறைத்துக் கிடக்க, முபாறக்கின் பெட்டி பள்ளிச் சந்திக்கு வரும்முன் காலியாகிவிடும். ஒருநாள் அப்னா ராத்தாவின் வாசலில் பந்தல் போட்டிருந்தது. மகனுக்குச் சுன்னத்து வைத்து ஓரிரு நாள். அப்னா சட்டியோடு முபாறக்கைப் பார்த்து நிற்கிறாள். மசூருக்குப் பொறுக்கவில்லை.

"என்ன ராத்தா, சுன்னத்து வெச்ச வீட்ல கீரியா? றப்பே! கீரி, சூடை, சூரை, மூணும் பச்சக் கிரந்தி. காயக்காரர் இரிக்கிற வாசலுக்கும் கொண்டு வரப்படா. சீழ் புடிச்சிச்செண்டா மறுகா என்னெய கேக்காதீங்க."

கிரந்தி என்றால் காயத்தைக் கிளப்பி நீர் வடியவைக்கும் சாப்பாடு என்று அந்தப் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. ஊர் அதை முன்பே பாதி நம்பிக்கொண்டுதான் இருந்தது. எந்த மீன், எந்தக் காயம், எவ்வளவு காலம் என்று மீதிப் பாதியை நிரப்பிக் கொடுத்தவன் மசூர். முபாறக்கின் கீரி அன்றைக்கு அந்த ஒழுங்கையிலிருந்து அப்படியே திரும்பிப் போயிற்று. அப்னாவின் மகனுடைய காயமும் நல்லபடி ஆறிற்று. பிறகென்ன! ஒப்பரேசன் செய்தவர், ஆணி குத்தியவர், மாடு முட்டியவர் எல்லோருக்கும் அதே பத்தியம். ஆதம் நபி காலத்திலிருந்து இருக்கும் சட்டம்போல அந்தச் சொல் வீடு வீடாகப் போய்க் குந்திக்கொண்டது.

இது பொய் என்று தெரிந்த ஒரே ஆள் அவனுடைய பெண்சாதி றஸ்னா. அவளுக்குக் கீரி என்றால் உயிர். பகல் வெயிலில் வீடு திரும்பும்போது கடைசியாக முபாறக்கிடமே போய் ஒரு கை கீரி வாங்கிக்கொண்டுதான் மசூர் வருவான். மஞ்சளும் மிளகாய்த் தூளும் பிரட்டி, தலையோடு மொறுமொறுவென்று பொரித்து, பிட்டோடு தின்பாள். தின்னும்போதெல்லாம் அவனைச் சீண்டாமல் விடமாட்டாள்.

"பரியாரி கிரந்தி மீன் கொண்டு வந்திரிக்கார். எனக்கு ஒடம்பில காயம் ஒண்டும் இல்லியே மச்சான், திங்கலாந்தானே?"

"சத்தம் போடாத புள்ள. மாமிட காதுல விழப்போகுது."

"விழட்டுமே. ஒங்கட வாய் இரிக்கே, அது கடல்ல இரிக்கிற மீனுக்கெல்லாம் வருத்தம் குடுத்திரும்" என்று சிரித்துச் சிரித்துப் புரைக்கேறி, தண்ணீருக்குக் கை நீட்டுவாள். கலியாணம் முடித்துக் கொஞ்ச வருடங்கள்தான். பிள்ளை இன்னும் தங்கவில்லை. அந்தக் கவலையையும் அவள் சிரிப்பில்தான் கரைத்துக்கொண்டிருந்தாள்.

வீடு றஸ்னாவின் சீதனம். அதே வளவுக்குள் அவளுடைய உம்மா ஸகியாவின் வீடு. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு கிணறு. அங்கெல்லாம் மாப்பிள்ளைக்குப் பெண் வீட்டில் சோறு உண்டு, மரியாதை உண்டு, நல்ல பாய் உண்டு. அடுப்படியில் மட்டும் அதிகாரம் கிடையாது. மசூருக்கு அதில் குறையொன்றும் இருக்கவில்லை. ஸகியா மாமிக்கு மருமகன் என்றால் பெருமை. கலியாண வீடு, கத்தம் வீடு, எங்கே குந்தினாலும் "எங்கட மருமகன் சொல்லுவார்" என்றுதான் தொடங்குவாள். யார் யாருக்கு எந்தெந்த மீன் ஆகாது என்று அவனைவிட அவளுக்குத்தான் இப்போது நன்றாகப் பாடம்.

ஒருநாள் காலை சமையல் கேஸ் முடிந்திருந்தது. றஸ்னா மண்ணெண்ணெய் அடுப்பில் பிட்டு அவித்துக்கொண்டிருந்தாள். நடுவில் எண்ணெய் வற்றியது. திரி முழுதாக அணைந்துவிட்டது என்று நினைத்து ஊற்றினாள். அணையவில்லை. நைலோன் சட்டை. அது உடம்பில் ஒட்டிக்கொண்டு எரிந்தது. கிணற்றடியிலிருந்து ஸகியா ஓடிவந்து, ஈரச் சாக்கைப் போட்டு அமத்தியபோது வலது கை, கழுத்து, நெஞ்சு, முதுகில் பாதி போய்விட்டிருந்தது. மசூர் அப்போது இரண்டு ஒழுங்கை தள்ளி யாருக்கோ வயிற்றெரிவுக்கு மீன் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஆசுபத்திரியில் எரிகாய வாட்டுக்குள் முதல் கிழமை அவனை விடவில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தான். மருந்துச்சீலை சுற்றிய உருவமும் மூக்கில் ஒரு குழாயும் மட்டும் தெரிந்தன. அந்தக் குழாயால் பால்போல ஏதோ இறங்கிக்கொண்டிருந்தது. பிறகு உள்ளே விட்டார்கள். குழாய்க்குள் ஊற்றுவதற்காகத் தாதி ஒரு சின்னக் குப்பியைத் திறந்தாள். மசூரின் மூக்குச் சட்டென்று விழித்துக்கொண்டது. மருந்துநெடி எல்லாவற்றையும் மீறி அவனுடைய தொழிலின் வாசம்.

"இது மீனெண்ணெய் தானே மிஸ்?"

"ஓம். ஏன், மணக்குதா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். டொக்டர் கஜனி, காரைதீவுப் பெண். நோயாளிகளின் சாப்பாட்டைப் பார்க்கிற டொக்டர் என்று சொன்னார்கள். இப்படியும் ஒரு டொக்டர் இருப்பது அவனுக்கு அன்றுதான் தெரியும்.

அவள் அவனை வாங்குப் பலகையில் இருத்திவைத்து, ஆறுதலாகச் சொன்னாள். "எரிஞ்ச உடம்பு அடுப்பு மாதிரி. நெருப்பு அணைஞ்சாலும் உள்ளுக்க எரிஞ்சுகொண்டுதான் இருக்கும். நாங்க விறகு குடுக்காட்டி அது தன்ட சதையையே எடுத்து எரிக்கும். அதால இவவுக்கு ரெண்டு ஆக்கள்ட சாப்பாடு வேணும். முட்டை, பால், பருப்பு, இறைச்சி, மீன். அதுகள்தான் புதுத் தோலை வளக்கிறது. இந்த எண்ணெய் உள்ளுக்க இருக்கிற கொதிப்பைக் கொஞ்சம் தணிக்க உதவும் எண்டு குடுக்கிறம். இது மந்திரம் இல்ல. எல்லாருக்கும் ஒரேமாதிரிக் கேக்கும் எண்டும் நான் சொல்லமாட்டன். சாப்பாடுதான் பெரிசு, இது பக்கத்துணை."

"எந்த மீன் டொக்டர் நல்லம்?"

"எல்லா மீனும் நல்லம். கொழுப்புள்ள மீன் இன்னும் நல்லம். கீரி, சூடை, சூரை. உங்கட கடல்ல அள்ளிக்கொண்டு வாறதுதானே."

மசூர் தலையைக் குனிந்துகொண்டான். இவ்வளவு மீன் இருக்க, அந்த மூன்றின் பெயரையுமா இந்தப் பெண் சொல்லவேண்டும்?

வெளி விறாந்தையில் விநாயகபுரத்து மீனவன் குணம் காலை நீட்டிப் போட்டுக்கொண்டு இருந்தான். தோணி எஞ்சினில் பெற்றோல் பிடித்து இரண்டு காலும் முழங்கால்வரை வெந்தவன். ஆண்கள் வாட்டில் இருந்தாலும் காற்றுக்காக அங்கே வருவான். அவனுடைய மனைவி பக்கத்தில் குந்தி, சோற்றையும் சூரை மீன் கறியையும் பிசைந்து பிசைந்து வாயில் திணித்துக்கொண்டிருந்தாள்.

"காயத்துக்கு மீன் ஆகாதெண்டு ஒங்கட பக்கம் சொல்றல்லியா?" என்று மசூர் மெல்லக் கேட்டான்.

"சொல்லாமலா காக்கா?" என்றான் குணம். "இவ முதல் ரெண்டு நாளும் வெறுங்கஞ்சிதான் தந்தவ. டொக்டரம்மா கண்டுபோட்டு, வாட்டே அதிர ஏசிப்போட்டா. அந்தப் பயத்துல இப்ப மூணு நேரமும் மீன். எனக்கே மீன் வெறுத்துப்போச்சு."

மசூருக்கு ஏச்சு விழவில்லை. ஏன் விழப்போகிறது? கஜனி சொன்ன எல்லாவற்றுக்கும் அவன் ஓம் டொக்டர், ஓம் டொக்டர் என்று தலையாட்டினான். வீட்டில் ஏதாவது பத்தியம் பார்ப்பீர்களா என்று கேட்டதற்கும், சேச்சே அதெல்லாம் இல்லை என்றான். படித்த பெண்ணுக்கு முன்னால் பட்டிக்காட்டானாகத் தெரிய அவனுக்கு விருப்பமில்லை.

தொடையிலிருந்து தோல் எடுத்துக் கையிலும் நெஞ்சிலும் ஒட்டினார்கள். ஒட்டிய தோல் பெரும்பாலும் பிடித்துக்கொண்டது. குழாயை எடுத்தார்கள். றஸ்னா வாட்டில் முட்டை தின்றாள், பால் குடித்தாள், மூக்கைச் சுளித்துக்கொண்டு மீனெண்ணெயையும் விழுங்கினாள். ஒருநாள், "மச்சான், எனக்கு வாய்க்குள்ள ஒங்கட பெட்டி மணக்குது" என்றாள். கழுத்து இழுக்க இழுக்கச் சிரித்தாள். அன்றைக்கு மசூர் வெளியே வந்து விறாந்தைத் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதான். பிழைத்துவிட்டாள் என்ற சந்தோசம்.

துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது கஜனி ஒரு போத்தல் எண்ணெயைக் கையில் கொடுத்தாள். "காயம் இன்னும் முழுசா மூடல்ல. நாங்க செய்யிறதச் செஞ்சாச்சு. இனி மிச்சமெல்லாம் உங்கட வீட்டுச் சட்டிக்குள்ளதான் இருக்கு" என்றாள். அவன் ஓம் டொக்டர் என்றான்.

வீட்டில் சனம். நோயாளி வந்திருக்கிறாள் என்று ஒழுங்கைப் பெண்களெல்லாம் பாயில் நிறைந்துவிட்டார்கள். எல்லோரும் அவனிடம் மீன் வாங்குகிறவர்கள். முன்வரிசையில் அப்னா. ஸகியா மாமி உள்ளியும் மிளகும் போட்ட கஞ்சியைக் கொண்டுவந்தாள், தொட்டுக்கொள்ள அவித்த புடலங்காய். மசூர் போத்தலை எடுத்து வைத்தான். மாமி மூடியைத் திறந்து மணந்து பார்த்தாள். முகம் கோணியது.

"என்ன மருமகன் இது?"

"மீனெண்ணெய் மாமி. டொக்டர் தந்த. ஒவ்வொரு நாளும் குடுக்கச் சொன்ன. கீரி, முட்டை எல்லாம் குடுக்கட்டாம்."

"என்ன கதை கதைக்கிறீங்க? மீனே ஆகாதெண்டு இரிக்க, மீனப் புழிஞ்செடுத்த எண்ணெய் ஆகுமா? முந்தி தோணிக்குப் பூசின சாமான என்ட புள்ளைக்குப் பருக்கப் போறீங்களா?"

"டொக்டர்தான் மாமி..."

"டொக்டருக்குக் கிரந்தி தெரியுமா, சீதளம் தெரியுமா? நீங்கதானே மருமகன் எங்களுக்கெல்லாம் சொல்லித் தந்த!"

"ஓம் மசூர்" என்று அப்னா எடுத்துக் கொடுத்தாள். "என்ட மகன்ட சுன்னத்துக்கு நீங்க சொன்னபடி பத்தியம் காத்தன். எவ்வளவு சுறுக்கா ஆறிச்சி! அண்டையில இருந்து எங்கட வாப்பாட காலுக்கும், மாமிட ஒப்பரேசனுக்கும் அதேதான். ஒங்கட வாயில பறக்கத்து இரிக்கி."

பாயில் இருந்த எல்லாத் தலைகளும் அவனை நோக்கித் திரும்பின. சொல்லவேண்டியது ஒரே ஒரு சொல். பொய். முபாறக்கின் மீனை விற்கவிடாமல் நான் அவிழ்த்துவிட்ட பச்சைப் பொய், என்று சொல்லியிருந்தால் அன்றைக்கு ஊர் சிரித்திருக்கும். நாளைக்குச் சட்டியோடு வருகிறவள் ஒரு மாதிரிப் பார்த்திருப்பாள். மீன்பரியாரி வெறும் மீன்காரனாகிவிட்டிருப்பான். அவ்வளவுதான் நட்டம்! வாய் ஓயாமல் ஊரைச் சுற்றியவனுக்கு அந்த நேரம் பார்த்து நாக்கு ஒட்டிக்கொண்டது.

"எதுக்கும்... பாத்து, கொஞ்சம் கொஞ்சமாக் குடுப்பம்" என்று முனகினான்.

"பாக்கிறதுக்கு என்ன இரிக்கி?" என்று மாமி மூடியை இறுக்கி, போத்தலை அலுமாரிக்கு மேலே வைத்தாள். கட்டிலில் கிடந்த றஸ்னா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஸகியாவைக் குறை சொல்லி ஒரு பிரயோசனமும் இல்லை. அவளைப்போல இன்னொரு தாய் மகளைப் பார்த்திருக்க முடியாது. மகளுக்கு ஆகாத வாசம் வரக்கூடாது என்று தன்னுடைய வீட்டிலும் மீன் சமைக்கவில்லை. தானும் கஞ்சிதான் குடித்தாள். முட்டை சூடு, பால் சளி, இறைச்சி கிரந்தி என்று ஒவ்வொன்றாகக் கழித்து, கடைசியில் கஞ்சியும் புடலங்காயும் மிஞ்சின. தொழுகைக்கு ஒரு தரம், துஆவுக்கு ஒரு தரம் என்று அழுதாள். உயிரைக் கொடுத்துப் பார்த்தாள். பார்த்துப் பார்த்தே பட்டினி போட்டாள்.

றஸ்னா வற்றிக்கொண்டே போனாள். வாட்டில் தெளிந்திருந்த முகம் ஒட்டிப்போயிற்று. ஒட்டிய தோலின் ஓரங்கள் விட்டுக்கொடுக்கத் தொடங்கின. கிளினிக்குக்குப் போகவேண்டிய நாளில் மாமி, இப்போதுதான் கொஞ்சம் தூங்குகிறாள், வெயிலில் இழுத்தடிக்கவேண்டாம் என்றாள். மசூர் அதற்கும் தலையாட்டினான்.

ஒரு பகல், பக்கத்து வீட்டில் யாரோ மீன் பொரித்தார்கள். வாசம் யன்னலால் வந்தது.

"மச்சான்."

"என்ன புள்ள?"

"கீரி மணக்குது, இல்லியா?"

அவன் எழும்பி யன்னலைச் சாத்தினான்.

"எனக்கு ரெண்டு கீரி பொரிச்சித் தாங்களன். பசிக்கிது மச்சான். வயித்துப் பசியில்ல, ஒடம்பெல்லாம் பசிக்கிது." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "உம்மாட்ட சொல்லுங்களன், அது நீங்க யாவாரத்துக்குச் சொன்ன பொய்யெண்டு. உம்மா ஏசமாட்டா. ஏசினாலும் ஒங்களுக்கு என்ன?"

"நாளைக்குச் சொல்றன்."

"நாளைக்கா?"

"அல்லாஹ் மேல ஆணையா, நாளைக்கு."

சொல்லவில்லை. அதற்குப் பதிலாக அவனுடைய மூளை போன வழியைப் பாருங்கள். மாமி கிணற்றடிக்குப் போன நேரம் அலுமாரி மேலிருந்து போத்தலை எடுத்து, கள்ளன்போல ஒரு கரண்டி எண்ணெயை அவளுக்குப் பருக்கினான். மறுநாளும் பருக்கினான். உண்மையைச் சொல்வதைவிட ஒளித்துக் கொடுப்பது அவனுக்குச் சுகமாக இருந்தது. சாப்பாடே இல்லாத உடம்புக்கு ஒரு கரண்டி எண்ணெய் என்ன செய்யும்? மூன்றாம் தரம் மாமி மகளின் வாயைத் துடைக்கும்போது மணத்துவிட்டது. சரியாக அன்றைக்கே சீலையை அவிழ்த்தால் காயத்தில் மஞ்சள் நீர்.

"பாத்தீங்களா! பாத்தீங்களா மருமகன்!" என்று ஸகியா தலையில் அடித்துக்கொண்டாள். "தெரிஞ்ச மனிசன், இப்பிடிச் செய்யலாமா? வெளி ஆக்களுக்கெல்லாம் வாய் கிழியச் சொல்றீங்க. சொந்தப் பொஞ்சாதிக்கு நஞ்சக் குடுக்கிறீங்களே!"

போத்தலைக் கொண்டுபோய்த் தென்னையடியில் கவிழ்த்தாள். வளவுப் பூனைகள் வந்து அந்த மண்ணைக் கிண்டிக் கிண்டி நக்கின. இதில் இன்னொரு கேடு என்னவென்றால், அந்த மஞ்சள் நீரைப் பார்த்த பிறகு மசூருக்கே ஒரு வஸ்வாஸ் பிடித்துவிட்டது. ஒருவேளை உண்மைதானோ? தான் வாயில் வந்தபடி அவிழ்த்துவிட்ட பொய் எப்படியோ உண்மையாகப் போய்விட்டதோ? சொந்தப் பொய்யையே நம்பத் தொடங்கினான். அதற்குமேல் றஸ்னா கேட்கவில்லை. அவனைக் கண்டால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பிறகு குளிர்காய்ச்சல் வந்தது. உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஓடினார்கள். வாட்டில் சீலையை அவிழ்த்த தாதி யாரையோ கூப்பிட்டுக்கொண்டு ஓடினாள். கஜனி வந்து பார்த்தாள். காயத்தைப் பார்த்தாள், கன்னத்தைப் பார்த்தாள், எலும்பு தள்ளிய தோளைப் பார்த்தாள்.

"வீட்டில என்ன சாப்பிட்டவ?"

மசூர் வாயைத் திறக்கும்முன் ஸகியா முன்னுக்கு வந்தாள். தன் பிள்ளையை எவ்வளவு கவனமாகப் பார்த்தேன் என்று இந்த டொக்டருக்குத் தெரியவேண்டாமா?

"டொக்டர், என்ட கையாலதான் பாத்த. ஒரு துண்டு மீன், ஒரு முட்டை, ஒரு சொட்டுப் பால் கண்ணிலயும் காட்டல்ல. கிரந்தி ஒண்டும் ஒடம்புக்குள்ள போகவிடல்ல. அவ்வளவு சுத்தமான பத்தியம்."

கஜனி ஏசவில்லை. ஏசுவதற்கான காலம் கடந்துவிட்டது போலும். மசூரைப் பார்த்து, "நீங்க ஓம் எண்டு சொன்னீங்களே" என்றாள். அவ்வளவுதான். குழாயை எடுத்துவரச் சொல்லிவிட்டு றஸ்னாவின் பக்கம் திரும்பிவிட்டாள். அந்த ஒரு சொல்லுக்குப் பதிலாக அவள் அவனைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

விறாந்தையில் வைத்து மசூர் மாமியின் காலடியில் குந்திவிட்டான். குணமும் மனைவியும் அன்று இருந்த அதே இடம்.

"மாமி, அது பொய். கிரந்தி எண்டு நான் சொன்னதெல்லாம் பொய். முபாறக்ட யாவாரத்தக் கெடுக்கச் சொன்ன. எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. கீரியால காயத்துக்கு ஒண்டும் வராது மாமி. நான்தான் அவளக் கொன்னுட்டன்."

ஸகியா அவனைப் பார்த்தாள். கோபமே வரவில்லை. கோபம் வந்திருந்தாலாவது அவனுக்கு ஆறியிருக்கும். அவனுடைய தலையைத் தடவினாள்.

"அழாதீங்க மகன். கவலையில என்னெண்டாலும் வாயில வரும். நீங்க எத்தின பேர சுகமாக்கின மனிசன்! அண்டைக்கு அந்த எண்ணெயக் குடுத்தயெண்டு மனசப் போட்டு ஒடைக்காதீங்க. நான் ஒங்கள மன்னிச்சிட்டன்."

காலமெல்லாம் பொய் சொன்னான், ஊர் நம்பிற்று. வாழ்க்கையில் ஒரே ஒரு தரம் உண்மையைச் சொன்னான். மன்னிப்புத்தான் கிடைத்தது.

றஸ்னா மறுநாள் அஸருக்கு முன் மவுத்தானாள். கிருமி இரத்தத்தில் கலந்துவிட்டதாம். கடைசி நேரம் கலிமா சொல்லிக் கொடுத்தது தாய்தான். மசூர் கட்டிலின் கால்மாட்டில் நின்றான்.

நாற்பதாம் நாள் கத்தம் வந்தது. அது முடிந்ததும் அவன் சாய்ந்தமருதில் சகோதரி வீட்டுக்குப் போகவேண்டியவன். சீதன வீட்டில் பெண்சாதி இல்லாத மாப்பிள்ளைக்கு என்ன வேலை? சட்டைகளைப் பையில் போட்டுக் கட்டி வைத்திருந்தான். கத்தத்துக்கு முதல் நாள் மாமி வந்து நிலைப்படியில் நின்றாள்.

"மருமகன், ஊருக்கு இறைச்சியும் சோறும் ஆக்கிறம். ஆனா என்ட புள்ள ஆசப்பட்ட சாமானும் ஒரு கறி வெக்கணும். அவவுக்குக் கீரியெண்டா உசிருதானே. மவுத்தானவங்க விரும்பின சாமான நாலு பேருக்குக் குடுத்தா, அதுட நன்ம அவவுக்குப் போய்ச் சேரும். நல்ல கீரியா நீங்களே பாத்துக் கொண்டு வாங்க."

மசூர் மாமியின் முகத்தைப் பார்த்தான். அதில் கள்ளமில்லை, குத்தலுமில்லை. சரி மாமி என்றான்.

கடற்கரையில் அன்று கீரி அள்ளுகொள்ளையாகப் பட்டிருந்தது. வெள்ளி வெள்ளியாக மணலில் கொட்டிக் கிடந்தது. தோணிகளுக்கு நடுவில் யாரோ கையைத் தூக்கினார்கள். குணம். வலை ஒன்று எடுக்க விநாயகபுரத்திலிருந்து வந்தவனாம். சாரத்தை மடித்துக் கட்டியிருந்தான். இரண்டு காலிலும் தோல் புதிதாக, மினுமினுவென்று மூடியிருந்தது. கொஞ்சம் கெந்தினான், மற்றபடி நன்றாக நடந்தான்.

"காக்கா! எப்பிடி உங்கட மனிசி? சுகமா? மீன் குடுத்தீங்கதானே?"

மசூர் பெட்டிக்குள் கீரியை அள்ளி அள்ளிப் போட்டான். பெட்டியைக் கட்டி, மோட்டார் சைக்கிளை உதைத்தான்.

கத்தம் ஓதி முடிந்தது. வளவு நிறையச் சனம். அதே மஞ்சள், அதே மிளகாய்த் தூள், தலையோடு மொறுமொறுவென்று பொரித்த கீரி, தட்டம் தட்டமாகப் போயிற்று. சாப்பிட்டவர்கள் றஸ்னாவின் நல்ல குணங்களைச் சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டார்கள். மசூருக்கும் ஒரு தட்டம் வைத்தார்கள். அவன் தொடவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு ஸகியா சோற்றுப் பார்சல் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அப்னா பார்சலைப் பிரித்துப் பார்த்துவிட்டு மசூரிடம் வந்தாள். "மசூர், எங்கட மாப்பிள்ளைக்குக் குடலிறக்கம் ஒப்பரேசன் செஞ்சிரிக்கி. காயம் இன்னும் பச்சையாத்தான் இரிக்கி. இதுல கீரி இரிக்கே. கத்தத்துச் சோறுதானே, ஒண்டும் செய்யாதா?"

மசூர் எழும்பினான். "குடுங்க ராத்தா" என்றான். குரல் வளவு முழுக்கக் கேட்டது. "நல்லாக் குடுங்க. நாளைக்கும் குடுங்க. ஒவ்வொரு நாளும் குடுங்க. நான் சொன்னது பொய் ராத்தா. கிரந்தியும் இல்ல, மண்ணும் இல்ல. கேக்குதா ஒங்க எல்லாருக்கும்? என்ட பொஞ்சாதி இந்த மீனக் கேட்டுக் கேட்டுப் பசியில போனா. நான் சொன்ன பொய்யில போனா!"

சாப்பிட்டுக்கொண்டிருந்த கைகள் நின்றன. யாரோ "இன்னாலில்லாஹ்" என்றார்கள். ஸகியா ஓடிவந்து, "இருங்க மகன், இருங்க" என்று அவனுடைய தோளைப் பிடித்து இருத்தினாள். அப்னாவின் கண் கலங்கிவிட்டது.

"பாவம் மனிசன்" என்றாள் பக்கத்தில் நின்றவளிடம். "பொஞ்சாதி போனதுல மண்ட கலங்கிப் போச்சு. என்ன கதைக்கிறாரெண்டு அவருக்கே தெரியா."

பார்சலைத் திரும்பப் பிரித்தாள். சோற்றுக்கு மேலே கிடந்த கீரியை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, மசூரின் தொடாத தட்டத்தில் வைத்தாள். ஒட்டியிருந்த பொரியல் தூளையும் விரலால் வழித்தெடுத்துவிட்டு, பார்சலைக் கட்டிக்கொண்டு போனாள்.